வாயிற்படியில் நின்ற வழக்கறிஞர்

அக்டோபர் 23-ஆம் நாள் நம் திருச்சபை நினைவுகூரும் புனிதர் கபெஸ்திரானோ அருளப்பர். 1386-இல் பிறந்த இவர் பெருஜியா நகரில் சட்டம் பயின்று, அந்நகரின் ஆளுநராகவும் இருந்து, போர்க் கைதியாகச் சிறையில் கிடந்த காலத்தில் மனம் திரும்பி, பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தவர். சட்டம் பயின்றோர் இவரைத் தம் பாதுகாவலராகக் கொள்வது வழக்கம். நடு இத்தாலியின் அப்ருத்சி மலைநாட்டில் உள்ள அந்தக் கபெஸ்திரானோ என்னும் சிற்றூரிலேயே, 510 ஆண்டுகள் கழித்து, 1896 டிசம்பர் 29-ஆம் நாள் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அக்குழந்தையும் வளர்ந்து சட்டம் பயின்றது. ஆனால் புனிதராகவில்லை. கட்சி அரசியலில் ஊறியவர், தேர்தல்களில் தோற்றவர், பெரிய பதவிகளை வகித்தவர், ஒரு பதவியிலிருந்து மூன்றே மாதத்தில் வெளியேற்றப்பட்டவர் என்றே வரலாறு அவரைக் குறித்து வைத்திருக்கிறது. அவர் பெயர் எட்வர்ட் கோர்சி. பிழைக்கக் கப்பலேறிப் போனவர் ஒருவராவது இல்லாத குடும்பம் நம்மிடையே குறைவு. ஆதலால் அவர் கதை நமக்கு அந்நியமாக இராது என்றெண்ணி எழுதப் புகுகிறோம்.

இத்தாலி என்றதும் நம் நினைவுக்கு வருவோர் தத்துவ போதகரும் வீரமாமுனிவரும். அவர்கள் மறைபரப்ப வந்த கற்றறிந்த குருக்கள். அந்நாட்டுச் சாதாரணக் குடியானவன் எப்படி வாழ்ந்தான், ஏன் ஊரைவிட்டுப் போனான் என்பதை நாம் அவ்வளவாக அறிந்ததில்லை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென் இத்தாலியில் நிலம் சிலர் கையில் இருந்தது. வரியோ எல்லார் தலையிலும் இருந்தது. ஊர் ஊராக மக்கள் அமெரிக்காவுக்குப் புறப்பட்டனர். 1907-ஆம் ஆண்டுக் கணக்கில் மட்டும் 2,85,731 இத்தாலியர் அங்கே குடியேறியுள்ளனர். அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் நேப்பிள்ஸ் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட 'புளோரிடா' என்னும் கப்பலில் 1,600 பேர் இருந்தார்கள். அவர்களுள் ஒருவன் பத்து வயதுச் சிறுவன் கோர்சி.

அவனுடைய தந்தை மாட்சினியின் குடியரசுக் கொள்கையைப் பற்றி நின்ற அரசியல்வாதி. மகன் சிறுவனாக இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார். தாய் மறுமணம் செய்துகொண்டார். தாய், மாற்றுத் தந்தை, உடன்பிறந்தோர் என்று குடும்பமாகவே புறப்பட்டார்கள். கடும் புயலில் சிக்கிப் பதினான்கு நாள் கழித்து நியூயார்க் துறைமுகத்தை அடைந்தபோது, மூடுபனிக்கிடையே உயர்ந்து தெரிந்த கட்டடங்களை மலைகள் என்றே எண்ணினானாம் அச்சிறுவன். மலைகள் என்றால் உச்சியில் ஏன் பனியைக் காணோம் என்று கேட்டானாம் உடன்பிறந்தவன். மலைநாட்டுப் பிள்ளைகள் அல்லவா!

அவர்கள் இறங்கிய இடம் எல்லிஸ் தீவு. முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் வந்தோரைக் கப்பலிலேயே பார்த்து அனுப்பிவிடுவார்கள். கீழ்த்தட்டில் வந்த ஏழைகளே தீவுக்குக் கொண்டுபோகப்பட்டனர். அங்கே மருத்துவர்கள் அவர்களை வரிசையில் நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். ஐயம் தோன்றினால் சட்டையின் மேல் சாக்கட்டியால் ஓர் எழுத்தை எழுதிவிடுவார்கள். கண்ணுக்கு ஓரெழுத்து, இதயத்துக்கு ஓரெழுத்து, நொண்டிக்கு ஓரெழுத்து. எழுத்து விழுந்தவன் ஒதுங்கி நிற்க வேண்டும். அவன் குடும்பம் கலங்கி நிற்கும். கோர்சி குடும்பத்துக்கு அந்த இடர் நேரவில்லை. பின்னாளில் நியூயார்க் மேயராகப் புகழ்பெற்ற லாகார்டியா, சட்டக் கல்லூரி மாணவராக, அந்த 1907-இல்தான் அதே தீவில் மொழிபெயர்ப்பாளர் வேலையில் சேர்ந்தார் என்பதும் இங்கே குறிப்பிடத்தக்கது.

குடும்பம் குடியேறியது நியூயார்க் நகரின் கிழக்கு ஹார்லெம் பகுதியில். காற்றோட்டமில்லாத அடுக்குக் குடியிருப்பு. கோர்சியின் தாய் அமெரிக்காவில் மனம் ஒட்டவே இல்லை. வீட்டைவிட்டு வெளியே வராமல், சன்னலருகே அமர்ந்து, எதிர்க் கட்டடங்களுக்கு மேலே தெரிந்த சிறிதளவு வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பாராம். மூன்றாண்டுகளில் உடல் நலிந்து சொந்த ஊருக்கே திரும்பினார். திரும்பி ஓராண்டுக்குள் காலமானார். மகன் பெரிய அதிகாரியானபின் எழுதிய நூலில் இதை மறைக்காமல் சொல்லியிருக்கிறார். போய்ச் சேர்ந்தவர்களின் வெற்றிகளையே நாம் பேசுகிறோம். மனம் ஒடிந்து திரும்பியவர்களை யாரும் கணக்கெடுப்பதில்லை.

கிழக்கு ஹார்லெமைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். அங்கே 115-ஆம் தெருவில் கார்மேல் அன்னை ஆலயம் உள்ளது. நாம் உத்தரிய மாதா என்று வணங்குகிறோமே, அதே அன்னைதான். 1884-இல் அந்த ஆலயத்தைக் கட்டியபோது இத்தாலியத் தொழிலாளர்கள் பகலெல்லாம் கூலிக்கு உழைத்துவிட்டு இரவில் வந்து அடித்தளம் தோண்டினார்கள். பழைய இரும்பு விற்பவர்களும் பனிக்கட்டி விற்பவர்களும் தங்கள் வண்டிகளைக் கொடுத்து உதவினார்கள். ஆலயம் எழும்பியது. ஆனால் கட்டியவர்களுக்குக் கிடைத்தது அதன் கீழ்த்தளமே! மேல் கோயிலில் அயர்லாந்தியரும் ஜெர்மானியரும் பூசை கண்டார்கள். இத்தாலியர் தங்கள் அன்னையின் சுரூபத்தோடு நிலவறையில் வழிபட்டார்கள். 1904-இல் திருத்தந்தையின் அனுமதியோடு முடிசூட்டப்பட்ட சுரூபம் அது. ஆண்டுதோறும் ஜூலை 16-இல் ஆயிரக்கணக்கானோர் வெறுங்காலோடு அதன்முன் நேர்ச்சை செலுத்துவர். அப்படியிருந்தும் 1919 வரையில் இத்தாலியருக்குக் கீழ்க் கோயில்தான். 1923-இல்தான் அன்னையின் சுரூபம் மேல் பீடத்துக்கு வந்தது. கத்தோலிக்கரே கத்தோலிக்கரை இவ்வாறு நடத்தினர் என்பதை எழுதக் கை கூசுகிறது. ஆயினும் பங்கு வரலாறு எழுதுவோர் இத்தகையவற்றை விட்டுவிட்டு எழுதினால் அது வரலாறாகாது.

கோர்சி படித்ததும் இளமையில் பழகியதும் இந்தச் சூழ்நிலையில்தான். அப்பகுதியில் ஆன்னா ரட்டி என்னும் கனடா நாட்டுப் பெண்மணி ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு நிலையம் நடத்தி வந்தார். அவர் புரொட்டஸ்டண்டு சபையைச் சேர்ந்தவர். இத்தாலிய மொழியைக் கற்றுக்கொண்டு அம்மக்களிடையே வாழ்ந்தார். நம் திருச்சபையும் வாளாவிருக்கவில்லை. 1889-இல் நியூயார்க் வந்த அன்னை கபிரினி மருத்துவமனைகளும் அநாதை இல்லங்களும் நிறுவினார். அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்களுள் முதல் புனிதராக 1946-இல் அவர் பட்டம் பெற்றதை நாம் அறிவோம். என்றாலும் கோர்சி வாழ்ந்த தெருக்களில் சிறுவர்களுக்குக் கதவைத் திறந்து வைத்திருந்த இடங்களில் ஒன்று அந்தப் பெண்மணியின் நிலையம். அதுவே பின்னர் ஹார்லெம் இல்லம் எனப் பெயர் பெற்றது.

சிறு சிறு வேலைகள் பார்த்துக்கொண்டே கற்ற கோர்சி, இயேசு சபையினர் நடத்திய போர்டாம் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று 1922-இல் பட்டம் பெற்றார். அக்காலத்தில் இத்தாலியக் குடியிருப்பில் சட்டம் தெரிந்த ஒருவர் இருந்தால் அவர் வீட்டு வாசல் எப்போதும் நிறைந்திருக்கும். ஏனெனில் புதிதாக வந்தவன் முதலில் மாட்டிக்கொள்வது 'பத்ரோனே' என்பவனிடம். தேயிலைத் தோட்டத்துக் கங்காணிகளைப் பற்றிக் கேட்டிருக்கிறோம் அல்லவா? அவர்களுடைய இத்தாலிய உடன்பிறப்பு என்று வைத்துக்கொள்ளலாம். வேலை வாங்கிக் கொடுக்கத் தரகு, ஊருக்குப் பணம் அனுப்பத் தரகு, கடிதம் எழுதக்கூடத் தரகு. அவன் பிடியிலிருந்து தப்ப ஆங்கிலம் வேண்டும். குடியுரிமைத் தாள் வேண்டும். வேலையில் கை நசுங்கினால் இழப்பீட்டுக்கு எங்கே எழுதுவது என்று தெரிய வேண்டும். கோர்சி வழக்கு மன்றத்தில் வாதாடிப் பேர் வாங்கியவர் அல்லர். 1926-இல் ஹார்லெம் இல்லத்தின் இயக்குநரானார். அங்கே ஆங்கில வகுப்புகளும், குடியுரிமைக்கு வழிகாட்டும் உதவியும், இளைஞர் மன்றங்களும் நடந்தன. தாம் கற்ற சட்டத்தை அவர் செலவிட்ட இடம் அது.

அதற்குள் அமெரிக்காவின் மனம் மாறிவிட்டது. தென் ஐரோப்பியர் வேண்டாம் என்ற குரல் ஓங்கி, 1924-இல் ஒதுக்கீட்டுச் சட்டம் பிறந்தது. ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் இத்தாலியர் வந்த நாட்டில் இனி 3,845 பேருக்கே இடம் என்றாயிற்று. இந்த எண்ணை எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? இத்தாலியர் பெருவாரியாக வருவதற்கு முந்திய 1890-ஆம் ஆண்டின் மக்கள் கணக்கை எடுத்துக்கொண்டு, அதில் இரண்டு விழுக்காடு என்றார்கள். சட்டத்தில் எந்த இனத்தையும் பழித்து ஒரு சொல் இல்லை. ஆண்டைத் தேர்ந்தெடுத்ததிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அநியாயத்தைச் சட்டமாக்குவோர் பெரும்பாலும் கணக்கில்தான் அதை ஒளித்து வைக்கிறார்கள்.

1931-இல் குடியரசுத் தலைவர் ஹூவர் கோர்சியை எல்லிஸ் தீவின் குடியேற்ற ஆணையராக நியமித்தார். இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன் வரிசையில் நின்ற சிறுவன் அதே கட்டடத்தின் தலைமை நாற்காலியில் அமர்ந்தார். பத்திரிகைகளுக்கு இது நல்ல செய்தியாக இருந்தது. அவருக்கோ அது மகிழ்ச்சியான பதவியாக அமையவில்லை. அமெரிக்கா பொருளாதாரப் பெருமந்தத்தில் மூழ்கியிருந்த நேரம். 1932-ஆம் ஆண்டுக் கணக்கில் நாட்டுக்குள் குடியேற வந்தோர் 35,576 பேர். வெளியேறியோர் ஒரு லட்சத்து மூவாயிரத்துக்கு மேல். வந்த மூன்றாண்டுக்குள் வறுமையில் விழுந்தவர் தாமே வேண்டிக்கொண்டால் அரசு செலவில் ஊருக்கு அனுப்பலாம் என்று சட்டம் இருந்தது. அப்படி வேண்டிக்கொண்டு தீவுக்கு வந்தவர்களும் உண்டு. சன்னலருகே அமர்ந்திருந்த தம் தாயை அவர்கள் முகத்தில் அவர் காணாதிருந்திருப்பாரா?

அதைவிடக் கொடிது நாடு கடத்தல். முறையான தாள் இன்றி நுழைந்தவன், பல ஆண்டு நேர்மையாக உழைத்துக் குடும்பம் நடத்தியிருந்தாலும், பிடிபட்டால் கப்பலேற வேண்டியதே. தந்தை ஒரு கரையிலும் பிள்ளைகள் மறு கரையிலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. அந்த உத்தரவுகளை நிறைவேற்றும் பொறுப்பு கோர்சியின் தலையில் இருந்தது. நாடு கடத்தும் சட்டங்கள் ஈவிரக்கமற்றவை, பல வேளைகளில் மனிதத்தன்மையே அற்றவை என்று அவர் 1935-இல் வெளியிட்ட 'சுதந்திரத்தின் நிழலில்' என்னும் பொருள்படும் நூலில் எழுதினார். எழுதினார், ஆனால் பதவியில் இருந்தவரை அவற்றை நிறைவேற்றவும் செய்தார். இதற்காக அவரைக் குறை கூறுவோர் இருக்கலாம். உள்ளே இருந்தபடி ஒரு சிலருக்காவது நியாயம் தேடுவதா, கை கழுவிவிட்டு வெளியே நின்று கண்டிப்பதா என்ற கேள்விக்கு எல்லாருக்கும் பொருந்தும் விடை இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. மனச்சான்று உறுத்தாத அதிகாரி அந்த நாற்காலியில் இருந்திருந்தால் அந்த ஏழைகளுக்கு இன்னும் கேடாக முடிந்திருக்கும் என்பது மட்டும் நம் கருத்து.

1933-இல் ஆட்சி மாறியது. குடியரசுக் கட்சியினரான கோர்சியை, மாற்றுக் கட்சியின் தொழில் அமைச்சர் பிரான்சிஸ் பெர்க்கின்ஸ் அம்மையார் பதவியிலேயே வைத்துக்கொண்டார். இவ்வம்மையாரைப் பற்றி ஒரு வார்த்தை. 1911 மார்ச் 25-இல் நியூயார்க்கில் டிரையாங்கிள் தையல் ஆலை தீப்பற்றி 146 பேர் மாண்டனர். பெரும்பாலோர் யூத, இத்தாலிய இளம் பெண்கள். கதவு பூட்டியிருந்ததால் வெளியேற வழியின்றி மாடியிலிருந்து குதித்தார்கள். அதை நேரில் கண்டவர் பெர்க்கின்ஸ். அதன்பின் எழுந்த ஆலைப் பாதுகாப்புச் சட்டங்களுக்காக உழைத்தார். 1929 முதல் நியூயார்க் மாநிலத் தொழில் ஆணையராகவும் இருந்தார். அதே ஆணையர் நாற்காலியில் 1943-இல் கோர்சி அமர்ந்தார். 1954 வரை மாநிலத்தின் தொழிலாளர் துறை அவர் பொறுப்பில் இருந்தது. கை நசுங்கியவனுக்கு இழப்பீடு, ஆலையில் பூட்டாத கதவு என்பவை இப்போது அவருடைய அன்றாட அலுவல்.

இடையே 1934-இல் மேயர் லாகார்டியாவின் கீழ் நகரத்து வறியோர் நிவாரணப் பணியை ஏற்றதும், 1938-இல் செனட் சபைக்கு நின்று தோற்றதும் உண்டு. அவற்றை விரிக்காமல் 1950-க்கு வருவோம். அவ்வாண்டு நியூயார்க் மேயர் ஓட்வையர் திடீரென்று பதவி விலகினார். நவம்பரில் இடைத்தேர்தல் வந்தது. முக்கிய வேட்பாளர் மூவர். சிசிலித் தீவில் இஸ்னெல்லோ ஊரில் பிறந்த வின்சென்ட் இம்பெல்லித்தேரி. அதே தீவில் நிக்கோசியா ஊரில் பிறந்து, பங்குச் சந்தை மோசடிகளை விசாரித்துப் புகழ்பெற்ற நீதிபதி பெர்டினாண்ட் பெக்கோரா. மூன்றாமவர் நம் கபெஸ்திரானோ கோர்சி. மூவரும் இத்தாலியில் பிறந்து குழந்தைப் பருவத்தில் கப்பலேறி வந்தவர்கள். மூவரும் சட்டம் பயின்றவர்கள். அடித்தளத்துக் கோயிலில் வைக்கப்பட்ட ஓர் இனத்தின் பிள்ளைகளைத் தவிர வேறு யாரையும் அந்தப் பெருநகரின் பெரிய கட்சிகள் நிறுத்தவில்லை! இம்பெல்லித்தேரி 11 லட்சத்துக்கு மேல் வாக்குகள் பெற்று வென்றார். பெக்கோராவுக்கு 9 லட்சத்துக்கு மேல். கோர்சிக்கு 3 லட்சத்து 80 ஆயிரம் அளவே கிட்டியது. படுதோல்விதான். ஆயினும் இத்தாலியக் குடியிருப்புகளில் அன்று தோற்றவர் என்று யாரும் இல்லை.

இனி அந்த மூன்று மாதங்களைப் பற்றிக் கூற வேண்டும். இரண்டாம் உலகப் போரால் வீடிழந்தோரும் கம்யூனிஸ்டு நாடுகளிலிருந்து தப்பியோரும் ஐரோப்பாவில் முகாம்களில் கிடந்தனர். இத்தாலியில் வேலையின்மை தலைவிரித்தாடியது. 1952-இன் மக்காரன்-வால்ட்டர் சட்டமோ பழைய ஒதுக்கீட்டை இன்னும் இறுக்கியது. இத்தாலிக்கு 5,645 இடம், அவ்வளவே. இதைச் சிறிது தளர்த்த 1953 ஆகஸ்டில் அகதிகள் நிவாரணச் சட்டம் இயற்றப்பட்டது. மொத்தம் 2,14,000 பேருக்கு இடம். அதில் இத்தாலியர் 60,000 பேர் வரலாம். படித்தால் நல்ல சட்டம். ஆனால் வருகிறவன் ஒவ்வொருவனுக்கும், வேலையும் வீடும் உண்டு என்று ஓர் அமெரிக்கக் குடிமகன் உறுதி எழுதித் தர வேண்டும். முந்திய இரண்டாண்டு வாழ்க்கை முழுவதற்கும் சான்று வேண்டும். முகாமில் கிடந்தவன் யாரிடம் சான்று வாங்குவான்? கத்தோலிக்க ஆயர்களின் நலப்பணி அமைப்பும் பிற சபை அமைப்புகளும் உறுதித் தாள்களைத் திரட்டி அனுப்பியும், கோப்புகள் நகரவில்லை. காலமோ 1956 டிசம்பரோடு முடிந்துவிடும்.

இந்தத் தேக்கத்தை உடைக்கவென்று, அயலுறவு அமைச்சர் டல்லஸ் 1955 தொடக்கத்தில் கோர்சியை அழைத்தார். இப்பணிக்கு இவரைவிடத் தகுதியானவர் நாட்டில் இல்லை என்று புகழ்ந்தே அழைத்தார். கோர்சி முகாம்களைப் பார்க்க ஐரோப்பா சென்றார். இதற்குள் அந்த 1952 சட்டத்தின் ஆசிரியருள் ஒருவரான வால்ட்டர் என்னும் நாடாளுமன்ற உறுப்பினர், கோர்சி ஒரு காலத்தில் இடதுசாரி அமைப்புகளோடு உறவு கொண்டிருந்தார் என்று குற்றஞ்சாட்டினார். வாழ்நாளெல்லாம் குடியரசுக் கட்சியில் இருந்தவரைப் பற்றி இப்படி ஒரு பேச்சு! கோர்சி அதை மறுத்தார். யாரும் அதை மெய்ப்பிக்கவும் இல்லை. மெய்ப்பிக்க வேண்டிய தேவையும் அக்காலத்தில் இருக்கவில்லை. ஐயம் கிளப்பினாலே போதுமானதாக இருந்தது. புகழ்ந்து அழைத்த அமைச்சர் ஏப்ரல் மாதத்தில், இது தொண்ணூறு நாள் தற்காலிக நியமனமே என்றார். அதற்குப் பதிலாகத் தென் அமெரிக்காவில் குடியேற்ற வாய்ப்புகளை ஆராயும் ஒரு வேலையைத் தருவதாகச் சொன்னார்கள். மரியாதையோடு ஒதுங்கிப்போக வழி அது.

கோர்சி அதை ஏற்கவில்லை. வெளியே வந்து உள்ளதைச் சொன்னார். அகதிகளைக் கொண்டுவருவதற்கென்று இயற்றிய சட்டத்தை, அவர்களை வரவிடாமல் காக்கும் காவலாளிகளின் மனப்பான்மை ஆட்டிப் படைக்கிறது என்றார். வாஷிங்டனில் தாம் கழித்த தொண்ணூறு நாள்களைப் பற்றிப் பத்திரிகையில் கட்டுரையும் எழுதினார். எல்லிஸ் தீவில் உத்தரவுக்குக் கட்டுப்பட்டு நின்றவர், ஐம்பத்தெட்டாம் வயதில் கட்டுப்பட மறுத்தார். நாடெங்கும் இது பெரும் விவாதமாயிற்று. கவனம் முழுவதும் திரும்பியபின் அந்தச் சட்டத்தின் கீழ் விசாக்கள் வேகமாக வழங்கப்பட்டன. முகாம்களில் கிடந்தவர்கள் வந்து சேர்ந்தார்கள். அவர் வேலையில் ஒட்டிக்கொண்டிருந்து சாதித்திருக்கக்கூடியதைவிட, வெளியேற்றப்பட்டதால் அவர்களுக்கு விளைந்த நன்மை அதிகம் என்றே நாம் எண்ணுகிறோம்.

ஒதுக்கீட்டு முறையை ஒழிப்பதற்கு இன்னும் பத்தாண்டு பிடித்தது. எல்லிஸ் தீவு நிலையம் 1954 நவம்பரிலேயே மூடப்பட்டுப் பாழடைந்து கிடந்தது. 1965 மே மாதத்தில் அதைத் தேசிய நினைவுச் சின்னத்தின் பகுதியாக அறிவித்தார்கள். அவ்வாண்டு அக்டோபர் 3-ஆம் நாள், அத்தீவுக்கு எதிரே சுதந்திர தேவி சிலையின் அடியில், பிறந்த நாட்டைக் கொண்டு மனிதரை எண்ணும் சட்டத்தை நீக்கும் புதிய சட்டத்தில் குடியரசுத் தலைவர் ஜான்சன் கையெழுத்திட்டார். அவ்வாண்டு டிசம்பர் 13-ஆம் நாள் கோர்சி நியூயார்க் மாநிலத்தில் ஒரு கார் விபத்தில் இறந்தார். இன்னும் பதினாறு நாள் இருந்திருந்தால் அவருக்கு 69 வயது நிறைந்திருக்கும்.

அவர் நடத்திய ஹார்லெம் இல்லத்துக்குப் பின்னாளில் லாகார்டியாவின் பெயரைச் சூட்டினார்கள். கிழக்கு ஹார்லெமில் இத்தாலியர் இன்று மிகச் சிலரே. புவர்ட்டோ ரிக்கோவிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் வந்தவர்கள் அத்தெருக்களில் வாழ்கிறார்கள். 115-ஆம் தெருவில் ஜூலை 16-ஆம் நாள் திருவிழா மட்டும் விடாமல் நடக்கிறது. அன்று அன்னையைத் தேடி அங்கே மிகுதியாக வருவோர், கப்பலேறியும் விமானமேறியும் வந்த ஹைத்தி நாட்டு ஏழை மக்கள். அவர்கள் மேல் கோயிலிலேயே பூசை காண்கிறார்கள்.